கண் மதிப்பும் கணக்கும்

தைப்பூசத்தன்று எங்கள் பெருநகர் உண்மையிலேயே ஒரு பெருநகரமாகிவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களின் உற்சவமூர்த்திகள் செய்யாற்றில் வந்து கூடும் அந்த நாளுக்காக, பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள் எல்லாம் ஊர் திரும்புவார்கள். சென்ற தைப்பூசத்துக்கு அப்படி வந்தவர்களில் என் பழைய மாணவி ஒருவரும் இருந்தார். என்னிடம் பொருளியல் இளங்கலை படித்துவிட்டுப் பின்னர் கணினிப் பக்கம் சென்றவர். இப்போது சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். திண்ணையில் அமர்ந்ததும் அலுவலகக் குறை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

அவர்கள் உருவாக்கும் கைப்பேசிச் செயலியின் முதல் திரையை மாற்றுவதா வேண்டாமா என்பது சிக்கல். பயனாளர்களைக் குலுக்கல் முறையில் கணினியே இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பழைய திரையையும் மற்றதற்குப் புதிய திரையையும் காட்டி, இரண்டு வாரம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை பழைய திரைக்கே சாதகமாக வந்திருக்கிறது. ஆனால் இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளர், தம் மனத்துக்குப் புதியதே சரியென்று படுவதாகச் சொல்லி அதையே வெளியிட்டுவிட்டார். தரவு இருக்கும்போது உள்ளுணர்வுக்கு என்ன வேலை என்பது மாணவியின் கேள்வி. எதை எண்ணுவது என்று முடிவு செய்தது யார், அதே எண்ணிக்கையை வேறொருவர் தனியாக எடுத்துப் பார்த்தாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். எண்ணியதும் தாங்களே, எதை எண்ணுவதென்று தீர்மானித்ததும் தாங்களே என்றார். நான் மேலாளரின் பக்கம் பேசுகிறேனோ என்ற ஐயம் அவர் முகத்தில் தெரிந்தது.

நான் யார் பக்கமும் பேசவில்லை. என் நினைவு பிரசாந்த சந்திர மகலனோபிஸிடம் போயிருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் மாணவி வியந்தார். மகலனோபிஸ் தொலைவு என்பது அவர் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கீடு. கூட்டத்தோடு ஒட்டாத தரவை, சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றத்தைக் கண்டுபிடிக்க அதைத்தான் இயக்குகிறார்களாம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதோ, அவர் கல்கத்தாக்காரர் என்பதோ, 1936-இல் அந்த அளவீட்டை வகுத்தபோது கையில் காகிதமும் கைக் கணக்கிடு கருவியும் தவிர வேறெதுவும் இல்லாதவர் என்பதோ அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குறை அவருடையதன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியப் பொருளாதாரம் கற்பித்த நானே அவரை இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கீழ் வரும் ஐந்து மதிப்பெண் வினாவாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் மகலனோபிஸ் பிறந்தார். பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்தார். ஜெகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். 1913-இல் லண்டனில் படிக்கும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போய், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மனம் பறிகொடுத்து, திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் ஒருவரிடம் தங்கியவர் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில் எதையும் அளக்காமல் ஏற்காதவர் என்று பெயரெடுத்தவரின் வாழ்க்கை, கட்டடத்தின் அழகைக் கண்டு அரை நாளில் எடுத்த முடிவில் திரும்பியது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சிறு புன்னகை வரும்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர் நம் சீனிவாச ராமானுஜன். குழந்தைப் பருவத்தில் சில காலம் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் மாவட்டத்துக்கும் அவர்மேல் சிறு உரிமை உண்டு. குளிரில் உறக்கமின்றித் தவித்த ராமானுஜன், படுக்கையின் மேல் விரித்த கம்பளிகளுக்குள் புகுந்துகொள்ள வேண்டும் என்பதறியாமல் அவற்றின் மேலேயே மேலங்கியுடன் படுத்துக்கிடந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான். ஒரு நாள் ராமானுஜன் அடுப்பில் சமைத்துக்கொண்டிருக்க, அருகில் அமர்ந்து பத்திரிகைப் புதிர் ஒன்றை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்துச் சற்று நேரத்தில் விடை கண்டிருந்தார்: 288 வீடுகள் கொண்ட தெருவில் 204-ஆம் வீடு. ராமானுஜனோ சட்டியைக் கிளறியபடியே, இந்த வகைத் தெருக்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லிவிட்டார். உள்ளுணர்வு என்ற சொல்லுக்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. அதை மூன்றடி தூரத்தில் இருந்து பார்த்தவர் மகலனோபிஸ். ஆகவே அவர் உள்ளுணர்வின் ஆற்றலை அறியாமல் தரவின் பக்கம் போனவர் அல்லர்.

தரவின் பக்கம் போனதும் ஒரு தற்செயலே. முதல் உலகப் போரால் கப்பல் தாமதமாக, கல்லூரி நூலகத்தில் காத்திருந்தவரின் கையில் 'பயோமெட்ரிகா' என்ற இதழை ஆசிரியர் ஒருவர் கொடுத்தார். உயிரினங்களை அளந்து கணக்கிடும் அந்த இதழின் தொகுதிகளை மொத்தமாக வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். ஊர் திரும்பி பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். புள்ளியியல் மாலை நேர ஆசையாக இருந்தது. தாகூரின் நெருங்கிய நண்பர். விஸ்வபாரதியின் செயலராகவும் பத்தாண்டுகள் உழைத்தவர். அந்த நட்பு தனிக் கட்டுரைக்குரியது.

அவரைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தது வெள்ளம். 1922-இல் வடக்கு வங்காளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. அரசு அமைத்த பொறியாளர் குழு, வெள்ளநீரைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்களைப் பெரும் பொருட்செலவில் கட்டும் யோசனையில் இருந்தது. கல்கத்தாவில் வானிலைப் பொறுப்பிலும் இருந்த மகலனோபிஸிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழைப் பதிவுகளையும் வெள்ளப் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட்டார். தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று தெரிந்தது. 1926-இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப் படுகை ஓரடி உயர்ந்துவிட்டது, கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றனர் வல்லுநர்கள். அறுபது ஆண்டுப் பதிவுகளைப் பார்த்த மகலனோபிஸ், படுகை உயரவே இல்லை என்று காட்டினார். மேற்பகுதியில் அணைகள் கட்டி நீரைத் தேக்க வேண்டும் என்றார். ஆற்றோடு வாழ்ந்த பொறியாளர்களின் கண் பிழைபட்டது. ஆற்றைத் தாளில் பார்த்தவரின் கணக்கு சரியாக இருந்தது. அண்மைய வெள்ளம்தான் மனத்தில் பெரிதாக நிற்கும், பழைய வெள்ளங்கள் மங்கிவிடும். அனுபவத்தின் குறை இதுதான். பதிவேட்டுக்கு அந்த மறதி கிடையாது.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. பிரெசிடென்சி கல்லூரியில் அவருடைய அறையே அதன் முதல் முகவரி. 1933-இல் 'சாங்க்யா' இதழ் தொடங்கியது. எங்களைப் போன்ற உழவர் ஊர்களுக்கு அவர் நெருக்கமாவது இதன்பிறகுதான்.

அந்நாளில் விளைச்சலை அரசு எப்படி மதிப்பிட்டது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். சாகுபடிப் பரப்பு, வழக்கமான விளைச்சல், அவ்வாண்டுப் பயிர் எத்தனை அணா என்ற மதிப்பு ஆகிய மூன்றையும் பெருக்குவார்கள். முதலிரண்டும் ஏட்டில் இருக்கும். மூன்றாவதை ஊர்க் கணக்கர் வரப்பில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்வார். பத்து அணா, பன்னிரண்டு அணா என்று அவர் சொல்வதே மாகாணத்தின் உணவுக் கணக்காக மேலே போகும். என் பாட்டனாரும் அப்படி மதிப்பிடக்கூடியவர். கதிரை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு கணம் கண்ணை மூடி, இத்தனை மூட்டை என்பார். களத்தில் அளந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மூட்டைதான் முன்பின் இருக்கும். அவருடைய நிலத்துக்கு அவர் கண் போதும். ஆனால் அந்தக் கண்ணை மாவட்டம் முழுமைக்கும் கடன் கொடுக்க முடியாது. கணக்கருக்கோ வேறு கவலைகளும் உண்டு. விளைச்சல் குறைவு என்று எழுதினால் தீர்வை குறையலாம், ஊர் வாழ்த்தும். ஆக, கண் மதிப்பு வெறும் தடுமாற்றமன்று. ஒரே பக்கம் சாயும் தடுமாற்றம்.

இதற்கு மாற்றாகக் குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்து, அறுத்து, எடைபோடும் முறையை 1920-களில் பிகார்-ஒரிசாவில் ஹப்பக் என்ற ஆங்கிலேய அதிகாரி செய்து பார்த்திருந்தார். மகலனோபிஸ் 1937 முதல் வங்காளச் சணல் பயிரில் இதைப் பெரும் அறிவியலாகவே வளர்த்தார். எத்தனை வயல்களைப் பார்த்தால் எவ்வளவு துல்லியம் கிட்டும், அதற்கு எவ்வளவு செலவாகும், நடந்து போகும் நேரம் எவ்வளவு, எழுதும் நேரம் எவ்வளவு என்று கணக்கெடுப்பையே கணக்கெடுத்தார். வயல்வயலாக முழுமையாக எண்ணுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கில், அதைவிட நம்பகமான விடை கிடைக்கும் என்று நடத்திக் காட்டினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிகள் அறிந்ததே. எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். நன்றாகக் கிளறிவிடாத பானையில் மேலே கிடக்கும் பருக்கை எதையும் சொல்லாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து உத்திரமேரூருக்கு இந்தச் சூட்சுமம் புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையைச் சொல்கின்றன. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நிலம், வீடு, கல்வி என்று தகுதிகள் குறுகலானவை. எல்லோரின் பெயரும் குடத்துக்குள் போகவில்லை. ஆயினும் குடத்துக்குள் போன பிறகு எந்தப் பெரியவரின் விருப்பத்துக்கும் அங்கே இடமில்லை. சமவாய்ப்பு மாதிரி என்று நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்ததன் உயிர், அந்தச் சிறுவனின் அறியாமையில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படக்கூடாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது.

மகலனோபிஸின் தனிச்சிறப்பு என்று நான் கருதுவது இனிமேல்தான் வருகிறது. தரவைக் கொண்டாடியவர் அவர். ஆனால் தரவை நம்பாதவரும் அவரே. வெயிலில் நாலு மைல் நடப்பதற்குப் பதிலாக மரத்தடியில் அமர்ந்து படிவத்தை நிரப்பிவிடும் பணியாளரை அவருக்குத் தெரியும். அதனால் ஒரே பகுதிக்கு இரு தனித்தனி மாதிரிகளை வகுத்து, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களை அனுப்பினார். இரு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பழுது. ஊடுருவும் துணைமாதிரிகள் என்று அதற்குப் பெயர். பெயர் கடினமே தவிர, நெல் மூட்டையை வாங்குபவன் தராசிலும் விற்பவன் தராசிலும் நிறுத்துப் பார்க்கும் எளிய எச்சரிக்கைதான். நான் மாணவியிடம் கேட்ட இரண்டாவது கேள்வி இங்கிருந்து வந்தது.

அவரையே அப்படி நிறுத்துப் பார்த்தவரும் உண்டு. வயலில் எவ்வளவு பெரிய துண்டை அறுப்பது என்பதில் அவருக்கும், வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி.வி.சுகாத்மேவுக்கும் பெரும் வழக்கு நடந்தது. மகலனோபிஸ் சிறிய வட்டத் துண்டுகளை விரும்பினார். தாம் பயிற்றிய ஆட்களையே நம்பினார். சிறிய துண்டில் விளைச்சல் கூடுதலாகவே தெரியும் என்று சுகாத்மே காட்டினார். காரணம் மிக எளியது. எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் பயிர் உள்ளா வெளியா என்ற ஐயம் வரும்போது மனிதக் கை அதை உள்ளே இழுத்துவிடும். துண்டு சிறியதாக இருந்தால், பரப்பை நோக்க எல்லை நீளம். ஆகவே பிழையும் பெரிது. நாடு முழுவதும் பெரிய துண்டு முறையே நிலைபெற்றது. இன்று எங்கள் ஊர் நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் குறித்து அறுப்பதன் பின்னே இந்த வழக்கின் தீர்ப்பு இருக்கிறது.

1947-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. டெல்லிக் கலவரத்தின்போது செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் அரசிடம் பெருந்தொகை கேட்டனர். உள்ளே எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. போய் எண்ணவும் வழியில்லை. கல்கத்தா நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜே.எம்.சென்குப்தா, அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றுக்கான கணக்குகளைக் கேட்டு வாங்கினார். குடும்பச் செலவு ஆய்வுகளிலிருந்து ஓர் ஆள் உண்ணும் அளவு தெரியும். அரிசிக் கணக்கை வகுத்தால் ஆள் எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. உப்புக் கணக்கை வகுத்தால் குறைவாக வந்தது. உப்பு மலிவு, அதில் பொய்யெழுதி எவரும் பணம் சேர்க்கப் போவதில்லை. ஆகவே உப்புச் சொன்ன எண்ணையே உண்மையெனக் கொண்டனர். சி.ஆர்.ராவ் தம் நூலில் சொல்லியிருக்கும் இந்நிகழ்வை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்வேன். தரவு வென்ற கதை என்று மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மூன்று தரவுகளில் எது பொய் சொல்லாது என்று கண்டது எது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மனிதர்களையும் சந்தையையும் அறிந்த ஒரு மனத்தின் பழக்கம் அது. உள்ளுணர்வு என்று அதைத்தானே சொல்கிறோம்.

விடுதலைக்குப் பின் மகலனோபிஸின் காலம் ஓங்கியது. 1949-இல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகர். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில் 1,833 கிராமங்கள். வறுமை, வேலையின்மை, நுகர்வு என்று இன்று நாம் எதைப் பற்றி வாதிட்டாலும் அடித்தளம் அந்த ஆய்வுதான். 1956-இல் இந்தியாவின் முதல் மின்னணு எண்முறைக் கணினி அவருடைய நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனில் வாங்கிய அந்த இயந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொண்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்களுக்கெல்லாம் மூத்தோர் அந்த அறை என்றால் மிகையாகாது.

இந்த இடத்தில், பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை 1955-இல் வகுக்கும் பொறுப்பு மகலனோபிஸிடம் வந்தது. 5,600 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி, ஐந்தாண்டில் 1.1 கோடிப் பேருக்கு வேலை. பொருளாதாரத்தை நான்கு துறைகளாகப் பிரித்து, சமன்பாடுகளால் முதலீட்டைப் பகிர்ந்தார். சமன்பாடுகளைப் பார்த்தால் ஐயத்துக்கே இடமிராது. ஆனால் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு கனரகத் தொழிலுக்கு என்பது அந்தச் சமன்பாடுகளிலிருந்து பிறந்த விடையன்று. முன்கூட்டியே எடுத்து உள்ளே வைத்த முடிவு. ஒரு ரூபாய் முதலீட்டுக்கு எத்துறையில் எவ்வளவு வருமானம் பெருகும் என்ற எண்களுக்கும் உறுதியான அளவீடு பின்னணியில் இல்லை. சணல் வயலில் நான்கடி வட்டத்தைச் சந்தேகித்தவர், ஒரு தேசத்தின் எதிர்காலத்தை மெல்லிய எண்களின்மேல் ஏற்றினார். அது உள்ளுணர்வுதான், எண்களின் உடை உடுத்தியிருந்தது. மேலாளரின் உள்ளுணர்வையாவது கண்டுகொள்ளலாம், மறுத்துப் பேசலாம். சமன்பாட்டுக்குள் புகுந்த உள்ளுணர்வைப் பலராலும் அடையாளம் காணவே முடியாது.

இரண்டாவது குழுவும் இல்லாமற்போனது. வரைவைப் பரிசீலித்த பொருளியலறிஞர் குழுவில் ஏறத்தாழ இருபது பேர். பி.ஆர்.ஷெனாய் ஒருவர் மட்டும், நாட்டின் சேமிப்பு தாங்காத அளவுக்குத் திட்டம் பெரிது, பற்றாக்குறைப் பணம் விலைவாசியை ஏற்றும் என்று மறுப்புக் குறிப்பு எழுதினார். பம்பாயில் வக்கீலும் பிரம்மானந்தாவும் உணவு, துணி போன்ற கூலிப் பண்டங்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டனர். இக்குரல்கள் ஒரே வயலை அளக்கும் மற்றொரு குழுவின் விடைகளாக மதிக்கப்படவில்லை, எதிர்ப்பாகவே எண்ணப்பட்டன. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1956-இல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. பத்தாண்டு கழித்து, வறட்சிக் காலத்தில், பெருநகரில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளையான நான் மக்காச்சோளக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். ருசி நினைவில்லை, பாட்டனார் அதைத் தொடாமல் எழுந்து போனது நினைவிருக்கிறது. 1967 தேர்தலில் அரிசியே பேச்சாக இருந்தது என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

திட்டம் வெறும் தோல்வி என்று சொல்வாரோடு நான் உடன்படுவதில்லை. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகளும், 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனமும் அக்காலத்தவை. நெய்வேலி மின்சாரம் இல்லாமல் எங்கள் பக்கத்துப் பம்புசெட்டுகள் ஓடியிருக்காது. கனரகத் தொழில் வேண்டும் என்ற அவருடைய உள்ளுணர்வு முழுவதும் பிழையன்று. வேளாண்மைக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்பதில்தான் கணக்குத் தவறியது. அதை அளக்க வேறொரு குழுவை அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த முறையைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பதே என் வருத்தம்.

1959-இல் அவருடைய நிறுவனத்தைத் தேச முக்கியத்துவம் வாய்ந்ததாக நாடாளுமன்றம் அறிவித்தது; 1968-இல் பத்ம விபூஷண் வந்தது. கடைசிவரை நிறுவனத்தை விட்டு விலகவில்லை. 1972 ஜூன் 28 அன்று, 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலமானார். 2007 முதல் ஜூன் 29 புள்ளியியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பூசம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை. குலுக்கலில் விழுந்த சர்வே எண், பக்கத்து வீட்டுப் பெரியவரின் வயல். காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்பது இப்படித் தேர்ந்த சில வயல்களின் சராசரியைப் பொறுத்தது. அவருடைய பயிர் ஓரளவு நன்றாக நின்றது. ஏரிக் கடைமடையில் மூழ்கிய வயல்களின் சொந்தக்காரர்கள் வரப்பில் கவலையோடு நின்றார்கள். குலுக்கல் தங்கள் வயலில் விழவில்லையே என்பது அவர்கள் குறை. விழுந்தது நியாயமாகத்தான் என்பது அவர்களுக்கும் தெரியும். மாணவியும் என்னுடன் வந்திருந்தார். பெரியவர் கதிரைக் கையில் ஏந்தி, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று முன்னதாகவே என் காதோடு சொல்லிவைத்தார். பணிக்கு வந்த இளைஞர் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். ஆட்கள் ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்கினார்கள்.

கிழக்குப் பக்கக் கயிறு ஒரு தூரின் நடுவே ஓடியது. அரிவாளோடு குனிந்த பெண் நிமிர்ந்து இளைஞரைப் பார்த்தார். இளைஞர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன், மாணவி வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் மண்டியிட்டு, கயிற்றை விரலால் ஒதுக்கி, அந்தத் தூரின் அடி எந்தப் பக்கம் மண்ணில் ஊன்றியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.